போணி ஆகாத காலை

குமராட்சி இ-சேவை மையத்தில் ரேகாவின் மேசைக்கு மட்டும் ஒரு வழக்கம் உண்டு. சர்வர் படுத்துவிட்டாலும், வந்தவர் கையிலிருக்கும் காகிதத்தை அவள் வாங்கிப் பார்த்துவிடுவாள். எந்தக் கையெழுத்து இல்லை, எந்த நகல் குறைகிறது என்று சொல்லித்தான் அனுப்புவாள். "நீ பாத்துப் பாத்து அனுப்புறதாலதான் கூட்டம் பூரா உன்கிட்டயே வருது" என்று பக்கத்து மேசைக்காரர் அலுத்துக்கொள்வார். முன்பு அவளும் ஆளின் முகத்தைப் பார்க்காமலே "நாளைக்கு வாங்க" என்று கையை ஆட்டியவள்தான். மாறியது போன விஜயதசமி அன்று.

அன்று காலை ஐந்தரைக்கு மகள் சிந்துஜாவுக்கு முகமூடியை மாட்டி மூச்சு மெஷினின் சுவிட்சைப் போட்டாள். மெஷின் உறுமியது, மருந்துப் புகை வரவில்லை. குழாயைக் கழற்றி மாட்டினாள். உறுமல்தான் கூடியது.

சிந்துஜாவுக்கு ஆறு வயது. வீசிங் வந்து கடலூரில் நான்கு நாள் படுக்கையில் கிடந்துவிட்டு முந்தாநாள்தான் வீடு திரும்பியிருந்தாள். "காலையும் சாயங்காலமும் மெஷின் வைக்கணும். நிமிஷத்துக்கு எத்தினி மூச்சுன்னு எண்ணுங்க. முப்பத்தஞ்சைத் தாண்டினா எங்கயும் நிக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துடுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரேகா எண்ணினாள். இருபத்தெட்டு.

கையிலிருந்த இன்ஹேலரை இரண்டு முறை அடித்துவிட்டு, பக்கத்து வீட்டு இருசம்மாளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். கணவன் கதிர்வேல் மினிபஸ்ஸை எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்கே போய்விட்டான். ஊர் டாக்டருக்கு விடுமுறை. மெஷின் வாங்கிய பில் கடலூர்க் கடையுடையது. சிதம்பரத்திலும் கடைகள் உண்டுதான். ஆனால் தான் விற்காத பொருளை எந்தக் கடைக்காரன் தொடுவான்? ரேகா கடலூர் பஸ் ஏறினாள்.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது அந்த மருத்துவக் கருவிக் கடை. எட்டரைக்குத்தான் கதவைத் திறந்தார்கள். வாசலில் தண்ணீர் தெளித்து, ஊதுவத்தி ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்த முதலாளி, அவள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

"ரிட்டனா?"

"வேலை செய்யலைங்க சார். என்னான்னு கொஞ்சம் பாருங்க. கொழந்தை..."

"உள்ள கொண்டாராத, உள்ள கொண்டாராத! விஜயதசமியும் அதுவுமா மொதல் ஆளா ரிட்டனைத் தூக்கிட்டு வர்றியேம்மா! போணி ஆவட்டும். அப்பறம் பாக்கலாம்."

ரேகா வாசலில் நின்றாள். விடுமுறை நாள். தெருவில் நாய்கூட நடமாடவில்லை. அரை மணி போனது. இருசம்மாளுக்குப் போன் செய்தாள்.

"எண்ணுனியாக்கா?"

"எண்ணுனேன். முப்பத்தொண்ணு. இட்லி வேணாங்குறா. நீ எப்ப வர்ற?"

ரேகா கடைக்குள் எட்டிப் பார்த்தாள். பில்லில் ஓராண்டு கியாரண்டி என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த கடை, நோயை வைத்தே பிழைக்கும் கடை, நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. டப்பாவைப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"சார், ஒரு தெர்மாமீட்டர் குடுங்க. நானே போணி பண்றேன்."

முதலாளி முகம் மலர்ந்தது. தெர்மாமீட்டரை எடுத்துக் கொடுத்தார். பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார்.

"இப்ப மெஷினைப் பாருங்க சார்."

"அதெப்படிம்மா? போணி பண்ண கையாலயே திருப்பிக் குடுத்தா, போணியும் சேந்து திரும்பிப் போன மாதிரி ஆயிடும். இன்னொரு ஆள் வரட்டும்."

ரேகா அவரையே பார்த்தாள். அவர் விளையாடவில்லை. மனிதர் முழுமனதாக நம்பித்தான் சொன்னார், அதுதான் அச்சமூட்டியது. ஏமாற்றுகிறவனிடம் சண்டை போடலாம். ஒரு குழந்தையின் மூச்சைத் தராசின் ஒரு தட்டிலும் முதல் வியாபாரத்தின் ராசியை மறுதட்டிலும் வைத்து, ராசிதான் கனம் என்று கூசாமல் சொல்கிறவனிடம் என்ன பேசுவது?

"என் பொண்ணு மூச்சு உங்க போணிக்காக நிக்காது சார்" என்று சொல்லிவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். "காலங்காத்தால வாயப் பாரு" என்று பின்னால் கேட்டது.

வேறு கடை எதுவும் திறந்திருக்கவில்லை; சிதம்பரத்தில் புதிதாகவே வாங்கிவிடலாம் என்று ஏறிய பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டும்போது இருசம்மாளே கூப்பிட்டாள். "முப்பத்திமூணு. விலா உள்ள இழுக்குது ரேகா. ஆட்டோ சொல்லட்டுமா?" ரேகா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இன்ஹேலரை இன்னும் ரெண்டு அடிக்கா. ஆட்டோவ வாசல்ல நிறுத்தி வையி. முப்பத்தஞ்சு ஆச்சுன்னா எனக்காகக் காத்திருக்காத, நேரா சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துடு." மடியிலிருந்த டப்பா கல்லாகக் கனத்தது. அருகில் இருந்தவர்கள் பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தார்கள்.

சிதம்பரத்தில் இறங்கியதும் கண்ணில் பட்ட முதல் மருத்துவக் கருவிக் கடைக்குள் ஓடினாள். "நெபுலைசர் புதுசு ஒண்ணு குடுங்க, சீக்கிரம்." கவுண்டரில் நின்ற பெண்ணின் சட்டையில் சினேகா என்று பெயர் குத்தியிருந்தது. புது டப்பாவை எடுத்தவள், ரேகாவின் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"அதுக்கு என்னாக்கா?"

"புகை வரல. இங்க வாங்கினது இல்லம்மா."

"எங்க வாங்கினா என்னா, குடுங்க." டப்பாவைத் திறந்தாள். மெஷினைத் திருப்பினாள். பக்கவாட்டில் காசளவு வட்ட மூடி ஒன்று இருந்தது. அதன் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். சினேகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நேத்து ஆயுத பூஜையா? காத்து உள்ள போற ஓட்டையிலயே பொட்டு வச்சிருக்கீங்களேக்கா!"

மூடியை நெம்பி எடுத்தாள். உள்ளேயிருந்த பஞ்சு சந்தனத்தைக் குடித்து மஞ்சள் கட்டியாகியிருந்தது. டப்பாவின் மூலையில் உபரிப் பஞ்சுகள் ஐந்து கிடந்தன. ஒன்றை வைத்து, மூடியைத் துடைத்து மாட்டி, கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டாள். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. இரண்டு நிமிட வேலை. கடலூர்க்காரர் மெஷினை ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.

"எவ்ளோம்மா?"

"ஒண்ணும் வாணாங்கா. ஓடுங்க, பஸ்ஸு நிக்குது."

உள்ளேயிருந்து முதலாளியின் குரல் வந்தது. "வித்துருக்க வேண்டிய மெஷின், கெடுத்துட்டியே சினேகா."

"புதுசு குடுத்திருந்தா அடுத்த வருஷம் அதுக்கும் பொட்டு வச்சிருப்பாங்க சார்!"

ரேகா வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. வாசலில் ஆட்டோ நின்றிருந்தது. இருசம்மாள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் "முப்பத்திநாலு" என்றாள். முகமூடி, மருந்து, சுவிட்ச். புகை வந்தது. அரை மணியில் முப்பது. பிறகு இருபத்தாறு. ஆட்டோவை அனுப்பினார்கள். சிந்துஜா இட்லி கேட்டாள்.

மதியம் சாப்பிட வந்த கதிர்வேலிடம் ரேகா அந்த மஞ்சள் பஞ்சை நீட்டினாள். நடந்ததைச் சொன்னாள்.

"நாந்தான் வச்சேன்" என்றான் அவன், திகைத்துப்போய். "அதுலயும் மோட்டார் இருக்குது. புள்ள உசுரைக் காக்குற மெஷினாச்சேன்னு..."

"பஸ்ஸுக்கு எங்க வச்ச?"

"முன்கண்ணாடிக்குக் கீழ. ஸ்டியரிங்ல."

"ஏர் ஃபில்டர்ல?"

"அங்க எவனாவது வப்பானா? வண்டி மூச்சு முட்டி..."

வாய் பாதியில் நின்றது. ரேகா மகளின் நெஞ்சில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.