ஒரு மண்டபத்துக்கு நாலு பூட்டு

யாப்பு எழுதிறது எண்டது கலியாணத்துக்கு முதலே விவாகரத்துப் பத்திரம் எழுதிற வேலை.

அஜின்கோர்ட்டிலை ஒரு பிளாசாவின்ரை மேல்மாடியிலை இருந்து, ஊர்ச் சங்கங்களுக்கு அந்தச் சட்டதிட்டப் பத்திரத்தைத்தான் நான் எழுதிக் குடுக்கிறன். சங்கம் எண்டு அலைஞ்சு சீரழிஞ்ச ஆக்களுக்கு என்ரை நோவு விளங்கும். மற்றவை புண்ணியம் செய்தவை.

இந்தக் கூத்து இராசமணி அன்ரியாலை வந்தது. ஆலடி, புளியடி, இலுப்பையடி, பனையடி எண்ட நாலு ஊரிலை இருந்து இஞ்சை வந்து சேர்ந்த வயசுபோன சனத்தையும் புதன்கிழமையிலை ஒண்டாக் கூட்டிறவ அவதான். ஷொப்பிங் மோலிலை கோப்பிக் கடைக்கு முன்னாலை இருப்பினம். காவலாளி வந்து எழுப்பிக் கலைப்பான். பிறகு ஒரு பேஸ்மென்ட் மண்டபம் கிடைச்சுது. ஆனால் கட்டடக்காரன் நாலு ஊர்ச் சங்கத்தோடை மாரடிக்க ஏலாது, ஒரே சங்கமா வந்தால் தாறன் எண்டிட்டான். அதாலை நாலும் சேர்ந்து ஒரு ஒன்றியம் அமைக்க வேணும். அன்ரி என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னா: "பனி கொட்ட முதல் எங்களுக்கு இருக்க ஒரு இடம் வேணும், தம்பி."

பல்லில்லாத ஒன்றியம்

நாலு சங்கத் தலைவர்மாரும் வந்திச்சினம். ஒன்றியம் வேணுமாம், ஆனால் அதுக்கு ஒரு அதிகாரமும் இருக்கக் கூடாதாம். எனக்கு அமெரிக்கச் சரித்திரத்திலை கொஞ்சம் பைத்தியம். வாய் சும்மா கிடக்குமே? "அமெரிக்காக்காரனும் சுதந்திரம் எடுத்த கையோடை இதைத்தான் செய்தவன். பதின்மூண்டு மாநிலம், நடுவிலை ஒரு சபை. அந்தச் சபைக்குக் கேக்கத்தான் ஏலும், வரி எடுக்க உரிமை இல்லை. கேட்டால் ஒருத்தரும் ஒழுங்காக் குடுக்கேல்லை. கடைசியிலை நாறிப்போச்சு" எண்டன்.

ஆலடித் தலைவர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கொண்டு சொன்னார்: "நாறினது அவங்கடை பிழை. யாப்பு நல்ல யாப்பு. அதையே எழுதும்."

வராத கதிரை

எழுதினன். ஒன்றியம் பிறந்து செய்த முதல் வேலை, நாலு ஊரிட்டையும் மண்டபத்துக்குக் கதிரை கேட்டது. கேட்டதோடை சரி. முதல் புதன்கிழமை போய்ப் பாத்தால் கதிரை ஒண்டும் வரேல்லை. பாவம், முழங்கால் நோக்காரர் கோட்டைக் கழட்டி நிலத்திலை விரிச்சு இருக்கினம். புளியடித் தலைவருக்குப் போன் அடிச்சுக் கேட்டன்.

"முதல்லை ஆலடி கொண்டு வரட்டும். நாங்கள் ஒண்டும் அவையளுக்குக் கீழை இல்லை."

ரெண்டு சபை

திருப்பியும் யாப்பு. இப்ப ஒன்றியத்துக்குக் கொஞ்சம் அதிகாரம் குடுப்பம் எண்டு வந்திச்சினம். அப்ப அந்த அதிகாரம் ஆரின்ரை கையிலை? ஆலடி பெரிய ஊர். தலையை எண்ணி வாக்கு வேணும் எண்டுது. பனையடி சின்ன ஊர். எல்லாருக்கும் சமன் வாக்கு எண்டுது. மேசையிலை குத்து விழுந்துது. அமெரிக்காவிலையும் இதே சண்டைதான் எண்டு சொன்னன். அவங்கள் ரெண்டு சபை வைச்சுத் தீர்த்தவங்கள்: ஒண்டிலை சனத்தொகைக்கு ஏத்த ஆக்கள், மற்றதிலை மாநிலத்துக்குச் சமனா ஆக்கள். எல்லாரும் கை தட்டிச்சினம்.

பனையடித் தலைவர் மட்டும் என்னை வெளியாலை கூட்டிக்கொண்டு போய்க் காதுக்குள்ளை சொன்னார்: "எங்கடை சங்கத்திலை நானும் மனிசியும்தான் இருக்கிறம். ரெண்டு சபைக்கும் ஆள் வேணுமெண்டால் மனிசியைக் கேக்க வேணும்."

எழுதாதது ஆருக்கு?

ஒரு மாதிரிக் கதிரையும் ஹீட்டரும் ஒன்றியத்தின்ரை பொறுப்பு எண்டு எழுதியாச்சு. மிச்சத்துக்கு அமெரிக்க யாப்பின்ரை பத்தாவது திருத்தத்தைத் தமிழாக்கி வாசிச்சன்: மத்திக்கு எண்டு எழுதிக் குடுக்காத அதிகாரம் எல்லாம் மாநிலத்துக்கு, இல்லாட்டிச் சனத்துக்கு. அண்டைக்கு அன்ரி வடை கொண்டு வந்திருந்தா. வசனத்தின்ரை முன்பாதியோடை தலைவர்மார் வடைக்கு எழும்பிப் போட்டினம். அன்ரி மட்டும் கடைசி மட்டும் நிண்டு கேட்டா.

கதவுத் திறப்பு, அதுதான் சாவி, ஆரிட்டை இருக்க வேணும் எண்டு யாப்பிலை ஒண்டும் இல்லை. அப்ப அது ஊர்களின்ரை உரிமையாம். ஒரு ஊரை மற்ற ஊர் நம்பாது. நாலு பேரும் நாலு பூட்டு வாங்கிக் கொண்டுவந்து ஒரே கதவிலை கொழுவிச்சினம். கட்டடக்காரன் தலையிலை கை வைச்சான்.

முதல் பனி கொட்டினது ஒரு புதன்கிழமை. மூண்டு தலைவர்மார் வந்து தங்கடை தங்கடை பூட்டைத் திறந்துபோட்டு, கடமை முடிஞ்சுதெண்டு காரிலை ஏறிப் போட்டினம். நாலாவது திறப்பு தூர அஜக்ஸிலை இருக்கிற பனையடித் தலைவரிட்டை. வாசலிலை சனம் நடுங்கிக்கொண்டு நிக்குது. அதுக்குள்ளை ஆலடித் தலைவற்றை சொந்தத் தாயும் நிக்கிறா! வெக்கங்கெட்ட ஒன்றியம். நான் பனையடித் தலைவருக்குப் போனிலை கத்தினன்.

"நாலுநூற்றொண்டு ஹைவேயிலை டிராஃபிக்கிலை நிக்கிறன். ஆனால் திறப்பை மட்டும் விட்டுக்குடுக்க மாட்டன்."

வடைக்குப் பிறகு

அன்ரி எல்லாரையும் பஸ்ஸிலை ஏத்தி, நேரை ஆலடித் தலைவற்றை வீட்டுக்குக் கொண்டு போனா. நானும் பின்னாலை போனன். பனிச் சப்பாத்தோடை சோபா, கம்பளம், மாடிப்படி எல்லாம் நிறைஞ்சுது. ஆர் கேட்டு வந்தனீங்கள் எண்டு தலைவர் துள்ளினார். அவரின்ரை தாய் தேத்தண்ணி கேட்டா.

அன்ரி சோபாவிலை வடிவா இருந்துகொண்டு சொன்னா: "உம்மடை வீட்டைப் பற்றி யாப்பிலை ஒண்டும் எழுதேல்லைத்தானே? எழுதாதது சனத்துக்கு எண்டு தம்பி வாசிச்சவர். நாங்கள்தான் சனம். இனி ஒவ்வொரு புதனும் வருவம்."

தலைவர் என்னைக் குசினிக்குள்ளை இழுத்துக்கொண்டு போனார்: "திறப்பு ஒன்றியத்துக்கே எண்டு ஒரு திருத்தம் எழுதும் ஐசே, இப்பவே எழுதும்!"

மாநிலங்களை மடக்கிறதுக்கு அமெரிக்காக்காரன் மாதக்கணக்கிலை கூடியிருந்து மண்டையை உடைச்சான். எங்கடை அன்ரிக்கு ஒரு சோபா போதுமாயிருந்துது.