தூண்டிலைத் தொட்ட கை

இன்று சிதம்பரத்திலிருந்து கடலூர் பஸ்ஸில் வரும்போது கண்டக்டர் கேட்டார்.

"தூண்டில் பேரனுக்காம்மா?"

"எனக்குத்தான்யா. இன்னிக்குத்தான் கத்துக்கப் போறேன்."

"இந்த வயசுலயா!" என்று சிரித்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் நான் சிறுமி. கடலுக்குப் போகும் தூண்டிலைப் பெண்கள் தொட்டால் ஆகாது என்பார்கள் எங்கள் வீட்டில். கட்டுமரத்தில் போகும் அண்ணன் மட்டும், கெஞ்சினேன் என்று, ஒரு மாலை தன் தூண்டிலில் என்னை முள் கட்டவிட்டான்.

"அம்மாகிட்ட சொல்லிடாத."

மறுநாள் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அழுகையில் நானே உளறிவிட்டேன்.

"உன் கை பட்டுதான்டி போனான்" என்றாள் அம்மா. அதன்பிறகு சாகும்வரை என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

இன்று தேவனாம்பட்டினம் கரையில் நின்று நானே முள் கட்டினேன். அண்ணன் காட்டிய முடிச்சு விரலுக்கு மறக்கவில்லை. ஒரு கிழங்கான் மீன் மாட்டியது.

ஆனாலும் வீட்டுக்குக் கிளம்ப மனம் வரவில்லை. காலையில் போன படகுகள் எல்லாம் வரட்டும் என்று மணலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் வந்துவிட்டன.

அம்மாவிடம் இதை யார் போய்ச் சொல்வது, சொல்லுங்கள்?