வெண்டல் ப்ரூயிட் கேட்ட சத்தம்

ட்ரெவிட் பள்ளி மைதானத்தில் நாற்பத்தொரு ஆண்டுகளாக நடந்த எந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டமும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை. பதினோராவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தால், நடுவர் விசிலை வாயில் வைக்குமுன் ஒருமுறை என் முகத்தைப் பார்த்துக்கொள்வார். இதில் கொஞ்சம் மிகை உண்டு. மூன்று ஆட்டங்களைத் தவறவிட்டேன். அதில் ஒன்றின்போது பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தேன். நடுவர் பார்த்தது என்னையல்ல, எனக்கு மேலே இருந்த கடிகாரத்தை. ஆனால் என் கண்ணைப் பற்றிச் சொன்னதில் மிகை கிடையாது. இந்த டெக்ஸஸ் வெயிலில் மைதானத்தின் எதிர்க்கரையில் நிற்பவனின் சட்டையில் எந்தப் பொத்தான் அறுந்திருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும். ஆகவே வெண்டல் ப்ரூயிட்டைப் பற்றி நான் எழுதுவதை நீங்கள் நம்பலாம்.

வெண்டல் ஊராட்சியின் தண்ணீர் மீட்டர் படிப்பவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருந்தார். பகலெல்லாம் வீடு வீடாக இரும்பு மூடியைத் தூக்கி, குழிக்குள் எட்டிப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு போவார். வெள்ளிக்கிழமை மாலை மைதானத்தில் சங்கிலி பிடிப்பார். பத்து கஜச் சங்கிலி, இரு முனையிலும் ஆளுயரக் கம்பு. பந்து பத்து கஜம் நகர்ந்ததா இல்லையா என்று தகராறு வந்தால் அந்தச் சங்கிலிதான் தீர்ப்பு. பின்கம்பு இருபத்தாறு ஆண்டுகளாக வெண்டலின் கையில் இருந்தது.

சங்கிலிக்காரர்கள் நம் பக்கம் நிற்பதில்லை. எதிரணியின் பெஞ்சு இருக்கும் கரையில்தான் அவர்களுக்கு இடம். ஆட்டம் தொடங்குமுன் நடுவர் அவர்களிடம் ஒன்று சொல்வார்: இன்றைக்கு உங்களுக்கு ஊர் கிடையாது, கை தட்டக்கூடாது, கத்தக்கூடாது, எது நடந்தாலும் அபிப்பிராயம் கூடாது. மற்றவர்கள் அதை ஆட்டம் முடியும்வரை காப்பாற்றினார்கள். வெண்டல் அதை வீட்டுக்கும் எடுத்துப் போனார். சனிக்கிழமை காலை சோப்பீப்பின் டோனட் கடையில் ஊரே கூடி முந்தைய நாள் ஆட்டத்தைப் பிரித்து மேயும். வெண்டல் ஓரத்து மேசையில் சாஸேஜ் பொதிந்த பன்னைத் தின்றுகொண்டிருப்பார். ஏதாவது கேட்டால், "அரை கஜம் கம்மி" என்பார். அத்தோடு சரி.

அந்த ஆண்டு எங்களிடம் ஏபல் ஒரோனா இருந்தான். பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் சமைக்கும் லூப்பேயின் ஒரே மகன். பதினேழு வயது. பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவது அவன் வேலை. அவன் ஓடி முடித்து நின்ற பிறகுதான் அவன் நிழல் வந்து சேரும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன், யாரும் மறுக்கவில்லை. ஒரு பல்கலைக்கழகம் அவனை முழுச் செலவும் ஏற்றுப் படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தது. டிசம்பரில் கையெழுத்து. அதுவரை வெறும் வாய்ச்சொல்தான். அவர்கள் எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில், ஏபல் வலப்பக்கமாக ஓடி எதிர்க்கரையில் விழுந்தான். இரண்டு பேர் அவன் மேல் விழுந்தார்கள். அவர்கள் எழுந்துகொண்டார்கள், அவன் எழவில்லை. விழுந்த இடம் வெண்டலின் கம்பிலிருந்து இரண்டடி. பதினோராவது வரிசையிலிருந்து இந்தக் கண்ணால் பார்த்தேன்: வெண்டல் நகரவில்லை. குனியக்கூட இல்லை. இரண்டாவது கம்பு முளைத்தது போல் நின்றார்.

மறுநாள் காலை டோனட் கடையில் நிற்க இடமில்லை. மருந்துக்கடை வைத்து ஓய்வு பெற்ற ராய்ஸ் டிட்வெல்தான் ஆரம்பித்தார்.

"சுளுக்குப்பா. மூணு வாரம் ஐஸ் வெச்சா எந்திரிச்சு ஓடுவான். முப்பது வருஷம் மருந்துக்கடை வெச்சவன் சொல்றேன்."

"நீ இருமல் மருந்து வித்தவன்." இது எல்மோ க்ரவுஸ், பருத்தி விவசாயி. "முட்டியப் பத்தி என்னைக் கேளு. எழுபத்தொண்ணுல எனக்குப் போச்சு. இன்னிக்கும் மழை வர்ற சேதி எனக்குத்தான் முதல்ல வருது."

"உனக்குப் போனது டிராக்டர்லேர்ந்து விழுந்து. ஆட்டத்துல இல்ல."

"விழுந்தது டிராக்டரோட முட்டியாய்யா? என்னோடதுதானே. அந்தப் பையன் கால் மடங்குன விதத்தப் பாத்தேன். ஆட்டோட பின்னங்கால் மாதிரி மடங்குச்சு. கிழிஞ்சிருச்சு. முடிஞ்சுது கதை."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? யூனிவர்சிட்டிக்காரங்க காதுல விழப்போவுது."

"அதத்தான் நானும் சொல்றேன். கிழிஞ்சதுன்னு காதுல விழுந்தா அன்னிக்கே போன வெச்சுருவான். அவன் லிஸ்ட்ல இன்னும் நாலு பசங்க இருக்கானுங்க."

கடை இரண்டாகப் பிரிந்தது. சுளுக்குக் கட்சி ஜன்னல் பக்கம், கிழிசல் கட்சி காபி இயந்திரத்தின் பக்கம். நான் காபிக்காகக் கிழிசல் பக்கம் நின்றேன், கொள்கை வேறு. முட்டிக்கு எத்தனை தசைநார் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, "டீச்சர், பரீட்சை வேணாம்" என்று எல்மோ அடக்கிவிட்டார்.

அப்போதுதான் ராய்ஸ் ஓரத்து மேசைப் பக்கம் திரும்பினார்.

"வெண்டல், நீதானே பக்கத்துல நின்ன. சத்தம் கேட்டுச்சா? கிழிஞ்சா டப்புன்னு ஒரு சத்தம் வரும்பாங்களே."

வெண்டல் பன்னை வைத்தார். விரல்களைத் தாளில் துடைத்தார்.

"தோள்கவசம் இடிச்சுது. அந்தச் சத்தம்தான்."

"அப்ப முட்டி?"

"சுளுக்கு. ப்ளே-ஆஃபுக்கு ஓடுவான்."

இருபத்தாறு ஆண்டுகளில் அந்த மனிதர் சொன்ன முதல் அபிப்பிராயம் அது. கைதட்டல் எழுந்தது. எல்மோகூட, "வெண்டலே சொல்லிட்டாருன்னா சரிதான்" என்று காபியை ஊற்றிக்கொண்டார். எங்களுக்கு அது ஒரு மனிதனின் பேச்சாகத் தோன்றவில்லை. சங்கிலியை நீட்டி அளந்த அளவாகத் தோன்றியது. அந்தத் தவறை எங்கள் ஊர்தான் செய்யும். பயிற்சியாளர் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து சுளுக்கு என்றார். அவர்களும் நவம்பர் ப்ளே-ஆஃப் ஆட்டத்துக்கு ஆள் அனுப்பி அவனைப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் லூப்பே வீட்டு மீட்டருக்கு வெண்டல் வந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். குழாயைத் திறக்கவில்லை என்பதை லூப்பே கவனிக்கவில்லை.

"மிஸ்டர் வெண்டல், ஸ்கேன் எடுக்கணும்னு ஸ்கூல்ல சொல்றாங்க. தொண்ணூறு மைல் போகணும். இவன் வேணவே வேணாங்கறான். நீங்க சொல்லுங்க, கூட்டிட்டுப் போகட்டுமா?"

வெண்டல் குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துப் பாக்கறது தப்பில்லம்மா."

"சுளுக்குன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. சொன்னேன்" என்றார். எண்ணைக் குறித்தார், அடித்தார், மறுபடி குறித்தார். வெண்டல் ஒரு எண்ணை அடித்து எழுதி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. லூப்பேயின் முகம் தெளிந்துவிட்டது. ஸ்கேன் எடுக்கவில்லை.

நவம்பரில் ஏபல் முட்டியில் பட்டையைச் சுற்றிக்கொண்டு இறங்கினான். பல்கலைக்கழக ஆள் நோட்டுப் புத்தகத்தோடு எனக்கு இரண்டு வரிசை கீழே இருந்தார். முதல் ஓட்டம் ஆறு கஜம். மைதானம் இடிந்து விழும்போல் இருந்தது. இரண்டாவது ஓட்டத்தில் அவனை யாரும் தொடவில்லை. திரும்பினான், உடம்பு திரும்பியது, கால் அங்கேயே நின்றது. நோட்டுப் புத்தகத்தை அந்த ஆள் மெல்ல மூடியதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் ஸ்கேன் எடுத்தார்கள். தசைநார் அக்டோபரிலேயே அறுந்துபோயிருந்தது என்றார் டாக்டர். அறுந்த முட்டியில் ஓடியதால் உள்ளே இருந்த மற்றதெல்லாம் அரைபட்டுவிட்டது. நடக்கலாம், ஓடுவதைப் பற்றி இனிப் பேச வேண்டாம். பல்கலைக்கழகத்திலிருந்து போன் வருவது நின்றது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போன் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை கடையில் ஒரே கட்சிதான் இருந்தது.

"உன் பேச்ச நம்புனோம் வெண்டல்." முதலில் கேட்டவரே ராய்ஸ்தான். "ரெண்டடியில நின்னுகிட்டு எப்படிய்யா காதுல விழாமப் போச்சு?"

"விழுந்திருக்கும்" என்றார் எல்மோ. "இந்தாளுக்கு நம்ம டீம் ப்ளே-ஆஃப் ஜெயிக்கணும். இருபத்தாறு வருஷம் வாய மூடிக்கிட்டிருந்த ஆசையெல்லாம் ஒரே நாள்ல வெளிய வந்துருச்சு."

வெண்டல் அவர்களைப் பார்த்தார். பாதி பன்னைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். திங்கட்கிழமை சங்கிலிக்காரர்களின் கோடு போட்ட சட்டையைத் துவைத்து மடித்துப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். பிறகு மைதானத்துக்கும் வரவில்லை, டோனட் கடைக்கும் வரவில்லை. மீட்டருக்கு வரும்போது சில வீடுகளில் வேண்டுமென்றே நாயை அவிழ்த்துவிட்டார்கள். லூப்பே கதவைச் சாத்திக்கொள்வாள். நான் நாயை அவிழ்க்கவில்லை. எனக்கு நாய் இல்லை. ஆனால் காபி குடிக்கிறீர்களா என்று கேட்பதை நானும் நிறுத்திவிட்டேன்.

பதினோரு ஆண்டுகள் இப்படியே போயின. போன பிப்ரவரியில் வெண்டல் இறந்தார். சமையலறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததாம். தேவாலயத்தில் ஒன்பது பேர் இருந்தோம், பாதிரியாரையும் சேர்த்து. பத்தாவதாக ஏபல் வந்தான், இடக்காலை இழுத்துக்கொண்டு. கல்லறையில் பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினான். பார்த்தவர்கள், தன் வாழ்க்கையைக் கெடுத்தவரை மன்னிக்க அவனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள். நானும் அதையே சொன்னேன். வெண்டல் ப்ரூயிட் வாழ்நாளில் ஒரே ஒருமுறை அளவு தவறினார், அந்தத் தவறை ஒரு பிள்ளை மன்னித்தான் என்று இந்தக் கட்டுரையை முடித்திருந்தேன்.

ஏபல் இப்போது அதே மீட்டர் வேலையைத்தான் பார்க்கிறான். நேற்று வந்தபோது உள்ளே கூப்பிட்டு, காபி கொடுத்து, எழுதியதை வாசித்துக் காட்டினேன். நிழல் பற்றிய இடத்தில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. முடிந்ததும் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அவர் குனிஞ்சார், மிஸ் ஆர்லீன்."

"நான் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்."

"எதிர் டீம் பெஞ்சு மொத்தமும் எந்திரிச்சு வந்து எங்களச் சுத்தி மறைச்சு நின்னாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. கம்ப ஒரு கையில பிடிச்சுகிட்டு குனிஞ்சார். நான் அவர் பேன்ட்டப் பிடிச்சுகிட்டேன். சத்தம் கேட்டுச்சா சார்னேன். கேட்டுச்சுப்பான்னார். டிசம்பர் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, கேட்டா சுளுக்குன்னு சொல்லுங்கன்னு நான்தான் அழுதேன்."

நான் பேனாவை எடுத்தேன். அவன் இன்னும் முடிக்கவில்லை.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பின்வாசல் வழியா வந்து ஸ்கேன் எடுடா, நான் சொன்னத நானே மாத்திச் சொல்லிடறேன்னார். விளையாடப் போற அன்னிக்கும் வந்தார். நான் விடல. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அப்புறம், மன்னிச்சேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அத அடிச்சிடுங்க. மன்னிப்புக் கேக்கத்தான் போனேன். பதினோரு வருஷமா தள்ளிப் போட்டது. நான் போறதுக்குள்ள பெட்டிய மூடிட்டாங்க."