தல்ஜீத் ராணாவுக்கு இருபத்திரண்டு வயது

பூவரசன் ஆறடி இரண்டு அங்குலம். ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் தன் கடைக்குள் அவன் தினமும் குனிந்துதான் நுழைவான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், காவலர் தேர்வு விண்ணப்பம் என்று பிறருக்குத் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. அந்தக் காவலர் தேர்வை அவனும் நான்கு முறை எழுதினான். உயரம் இருந்தது, ஓட்டம் இருந்தது, கயிறும் ஏறினான். கடைசிப் பட்டியல் வரும்போது இரண்டு மதிப்பெண்ணிலோ மூன்று மதிப்பெண்ணிலோ பெயர் நழுவிவிடும். நான்காவது முறைக்குப் பிறகு வயது தாண்டிவிட்டது.

அந்த வருஷம்தான் இணையத்தில் கூடைப்பந்து அணி ஒன்றை நடத்தும் விளையாட்டில் சேர்ந்தான். அதில் பந்தைக் கண்ணால் பார்க்க முடியாது. பெயர்களும் எண்களும் மட்டும்தான். யார் எந்த இடத்தில் ஆடுவது, யாருக்கு என்ன பயிற்சி என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவன் அணிக்கு வந்த பதினெட்டு வயது சென்டர் ஆட்டக்காரன்தான் தல்ஜீத் ராணா. ஏழடி ஒரு அங்குலம். கணினி வைத்த பெயர். வந்தபோது உயரத்தைத் தவிர ஒன்றுமில்லை.

பூவரசன் அவனைச் செதுக்கினான். வாரத்தில் ஏதாவது ஓர் ஆட்டத்தில் நாற்பத்தெட்டு நிமிடமும் சென்டர் இடத்தில் நின்றால்தான் வெள்ளிக்கிழமை காலையில் பயிற்சி ஏறும். புதன் மாலை கடையைச் சாத்திவிட்டு ஊருக்கு நடப்பான். வழியில் ஊர் எல்லைக்கல்லுக்குச் சற்று முன்னால் ஒரு மலைவளைவு. அந்தப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். அங்கே நின்று வியாழக்கிழமை ஆட்டத்துக்கு ராணாவை நிறுத்துவான். நான்கு வருஷமாக ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அவன் வாழ்க்கையில் சொன்னபடி ஏறிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

"கொல்லில இருக்கற வாழைக்குத் தண்ணி ஊத்தல, அங்க எவனோ சர்தாரு வளர்றானாம்" என்பாள் அவன் மனைவி ஆனந்தி.

அந்த மாசி மாதத்தில், இந்தியாவின் இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் அணியை அந்த விளையாட்டில் நடத்துபவரிடமிருந்து செய்தி வந்தது. முகம் தெரியாத மனிதர். தடுப்பாட்டத்தில் ராணாவுக்கு இன்னும் ஒரு படிதான் குறைகிறது, இந்த வெள்ளிக்கிழமை அது ஏறினால் பன்னிரண்டு பேரில் ஒருவன் என்று எழுதியிருந்தார். சனிக்கிழமை புதுப் பருவம் பிறக்கிறது. அன்றைக்கு ராணாவுக்கு இருபத்திரண்டு ஆகிவிடும். அப்புறம் அந்தக் கதவு திறக்காது.

ஒரே ஒரு வியாழக்கிழமை ஆட்டம். பூவரசன் கணக்கில் அது முடிந்த காரியம்.

ஆனால் ஊர்த் திருவிழாவுக்கு அடுத்த வாரம் கட்டுவதாக இருந்த காப்பை, அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று திங்கட்கிழமையே கட்டிவிட்டார்கள். இந்த வருஷம் பூவரசன் வகையறாவின் முறை. மஞ்சள் தடவிய கயிறு கையில் ஏறிவிட்டால் எட்டு நாள் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. வளைவு கல்லுக்கு அந்தப்புறம், கூப்பிடு தூரம். செவ்வாய் முழுக்கக் கல்லின் மேலேறி நின்று கைப்பேசியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். ஒரு கோடுகூட வரவில்லை. தாண்டிவிடலாமா என்றும் நினைத்தான். போன வருஷம் தாண்டியவனின் மாடு செத்ததை ஊர் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை பெல்வின் வந்தான். ஒடுகத்தூரிலிருந்து வாரம் ஒருமுறை மலைக்குச் சரக்கு வேன் ஓட்டி வருபவன். மாதா கோயில் தெருக்காரன், காப்புக்கு வெளியே நிற்பவன். பூவரசன் தன் பெயர், கடவுச்சொல், செய்ய வேண்டியது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். ராணா, சென்டர், முழு நேரம் என்பதன் கீழே இரண்டு கோடு போட்டான். பெல்வின் அதைச் சட்டைப் பையில் மாதா படத்தோடு வைத்துக்கொண்டான்.

"இன்னா மச்சான், பொண்ணு பாக்கப் போற மாதிரி இப்டி நடுங்கற. நான் பாத்துக்கறேன்."

எட்டாம் நாள் காப்பை அவிழ்த்து ஓடையில் விட்டதும் பூவரசன் வேட்டியோடு வளைவுக்கு ஓடினான். பக்கம் மெல்லத் திறந்தது. தடுப்பாட்டம் போன வாரம் இருந்த அதே படி. வியாழக்கிழமை ஆட்டத்தில் தல்ஜீத் ராணா, சுழியம் நிமிடம். கீழே அந்த முகம் தெரியாதவரின் இரண்டு வரி: வருந்துகிறேன், வேறொருவனை எடுத்துக்கொண்டேன். ராணாவின் பெயருக்குப் பக்கத்தில் வயது இருபத்திரண்டு.

புதன்கிழமை வேன் வந்தது. கேட்பதற்கு முன்பே பெல்வின் சந்தோஷமாகச் சொன்னான்.

"நீ எழுதன மாதிரிதான் மச்சான் மொதல்ல வெச்சேன். அப்பறம் பாத்தா அவன் பேருகிட்ட செவப்பு. சோர்வுன்னு காட்டுது. நானும் பதினோரு வருசமா மலை ஏத்தறேன். செவப்பு லைட்டு எரியறப்போ எவனாவது வண்டிய முடுக்குவானா? இன்ஜின் போய்டும்ல. உனக்குப் போன் போட்டா கெடைக்கல. அதான் உக்கார வெச்சுட்டு வேற ஆளப் போட்டேன். பையன் தப்பிச்சான்."

அது பயிற்சி ஏறுவதைத் தடுக்காத சிவப்பு. வாராவாரம் ஓய்வு தராமல் ஓட்டி அதை வரவழைத்தவனும் பூவரசன்தான். தாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

"செரிதான்" என்றான். வேனிலிருந்து ஒரு மூட்டையை இறக்கக் கைகொடுத்தான்.

அன்று வீட்டில் ஆனந்தி தட்டை வைத்துக்கொண்டே, உங்க ஆளு பாஸாய்ட்டானா என்று கேட்டாள். கேலிக்குத்தான் கேட்டாள்.

"வயசு தாண்டிடுச்சு."

சாமைச் சோற்றை அள்ளிய கரண்டி அப்படியே நின்றது. அந்தச் சொல்லை அவன் ஒருமுறை இதே இடத்தில் உட்கார்ந்து சொன்னதும், அதன்பின் இரண்டு மாதம் வீட்டில் யாரோடும் பேசாமல் இருந்ததும் அவளுக்குத் தெரியும். சோற்றைப் போட்டாள். அவன் தொடவில்லை. வாழைக்குத் தண்ணீர் நாளைக்குத் தானே ஊற்றிக்கொள்வதாக மட்டும் சொன்னாள்.

அடுத்த புதன்கிழமை கால் பழக்கத்தில் வளைவில் நின்றான். நிறுத்த ஆட்டம் எதுவும் இல்லை. புதுப் பருவத்தின் ஆட்டங்கள் இன்னும் தொடங்கவில்லை. சும்மா திறந்து பார்த்தான். ராணாவின் பெயர் பக்கத்தில் சிவப்பு போய்ப் பச்சை வந்திருந்தது. முழு பலம் என்று காட்டியது. நான்கு வருஷத்தில் அவன் ஒருநாளும் பார்க்காத பச்சை.

கீழிருந்து பெல்வினின் வேன் முனகிக்கொண்டே ஏறி வந்து பக்கத்தில் நின்றது.

"பையன் எப்டி கீறான் மச்சான்?"

"நல்லா கீறான்" என்றான் பூவரசன். "களைப்பெல்லாம் போய்டுச்சு."

பெல்வின் சிரித்துக்கொண்டு கியரை மாற்றினான். வேன் வளைவைத் தாண்டி மறைந்த பிறகும் பூவரசன் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தான், கைப்பேசித் திரை தானாக அணையும்வரை.