ஆறு கடையாணிகள்

பெரியநாயக்கன்பாளையத்தில் நான் தரப் பரிசோதகனாக இருந்த பட்டறைக்கு யார் வந்தாலும், முதற்கேள்வி ராக்கெட்டைப் பற்றியதாகவே இருக்கும். நாங்கள் ராக்கெட்டுக்கு எதுவும் செய்ததில்லை. அது சுமப்பது மட்டுமே. சில நிமிடங்களில் தன் பணி முடிந்து கடலில் விழுந்துவிடும். அது கொண்டுபோய் விடுகிற கலங்களுக்குத்தான் நாங்கள் சிற்றுறுப்புகள் செய்தோம்.

விண்கலம் என்று ஒரே பெயரால் அழைத்தாலும் அவற்றின் பிறவிகள் வெவ்வேறு. ஒரு கோளை வலம்வந்துகொண்டே இருப்பவை உண்டு; அவற்றுக்கு வெயிலை வாங்கும் அகன்ற சிறகுகள் வேண்டும், கால்கள் வேண்டா. ஒரு கோளை ஒரே முறை அருகிருந்து பார்த்துவிட்டு நில்லாமல் கடந்துபோய்விடுபவை உண்டு. வெகுதூரம் போகிறவற்றுக்கு அங்கே வெயிலும் நலிந்துவிடுமாதலால், கதகதப்பைத் தம் வயிற்றிலேயே கட்டிக்கொண்டு போகும். மற்றொரு கலம் சொல்வதை வாங்கிப் பூமிக்குச் சொல்வதற்கென்றே நிற்கும் தூதுக்கலங்கள் உண்டு. கடைசியாக, இறங்குபவை. அவற்றுக்குத்தான் கால்கள். அக்காலுக்குள் தேனடைபோல் அறையறையாக மடித்த உலோகத் தகட்டை அடைத்திருப்பார்கள். இறங்கும் அதிர்ச்சியைத் தான் வாங்கி, ஒரே ஒரு முறை நசுங்குவதற்காகவே அது செய்யப்படுகிறது.

நிலவில் இறங்கவிருந்த அப்படியொரு கலத்தின் காலுக்கு எங்களிடம் உறுப்புக் கேட்டார்கள். அடி என்றும் அடியார் என்றும் கேட்டே வளர்ந்தவன் நான். காலுக்கு என்ற சொல்லைக் கேட்டதும் என் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

கலம் புறப்படும்போது நான்கு கால்களும் மடங்கியிருக்கும். போகும் வழியில் அவை விரிய வேண்டும். விரிந்த கணத்தில் ஒரு சுருள்வில் சுண்டுவிரல் நீளமுள்ள டைட்டானிய முளையொன்றைத் துளைக்குள் தள்ளிக் காலைப் பூட்டும். அந்த முளை ஒடிந்தால் கால் மடங்கும்; கால் மடங்கினால் கலம் கவிழ்ந்து கிடக்கும், நிமிர்த்த அங்கே யாரும் இல்லை. வரைபடத்தில் அதற்கு நீண்ட பெயர் இருந்தது. தலைமுறைகளாக உழவும் வண்டியும் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த எங்கள் முதலாளி, சக்கரம் கழலாமல் அச்சின் நுனியில் செருகும் ஆணியின் பெயரால், அதைக் கடையாணி என்றே அழைத்தார். எல்லோருக்கும் அதுவே பெயராயிற்று.

ஆறு கடையாணிகள் செய்தோம். நான்கு கால்களுக்கு நான்கு, உபரியாக ஒன்று, சோதனைக்கு ஒன்று. விண்கலத் தொழிலில் ஓர் இரக்கமற்ற முறை உண்டு. ஒரே உலோகத்தில், ஒரே எந்திரத்தில், ஒரே கையால் செய்த பொருள்களுள் ஒன்றை எடுத்து, பயணத்தில் நேரக்கூடியதைவிட மிகுதியாக ஆட்டி, சுட்டு, குளிரவைத்து வதைப்பார்கள். அது தாங்கிவிட்டால் மற்றவற்றை நம்புவார்கள். ஆனால் வதைபட்டது ஒருபோதும் பறக்கக்கூடாது. வெளியே ஒரு குறையும் தெரியாவிட்டாலும் அதன் உள்ளே களைப்பு இருக்கும்.

அந்தச் சோதனையைப் பார்க்க வாடிக்கையாளரின் சோதனைக்கூடத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். எங்கள் கடையாணியை ஒரு மேடையில் பூட்டி அதிரவைத்தார்கள். அதிர்வு ஏற ஏற ஒலியும் ஏறியது. பிறகு ஒலி நின்றுவிட்டதுபோல் இருந்தது. நிற்கவில்லை. அது காதை விட்டுப் பல்லுக்குள் போயிருந்தது. நான் கண்ணாடிக்கு இப்புறம் நின்று, அசையாததுபோல் தோன்றிய அந்தச் சிறு பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதனையிலிருந்து திரும்பியதற்கு ‘பறக்கத் தகாதது’ என்று எழுதிய சிவப்புச் சீட்டு. மற்ற ஐந்துக்கும் பச்சைச் சீட்டு. உலோகத்தில் எண் பொறித்தால் அந்தக் கீறலிலேயே விரிசல் தொடங்கலாம் என்பதால், சீட்டும் பையுமே அவற்றுக்கு அடையாளம். எழுதுவதும் கட்டுவதும் முத்திரையிடுவதும் என் வேலை. அந்த வாரமே பச்சைச் சீட்டு நான்கை அனுப்பிவைத்தோம். உபரியைப் பிறகு கேட்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவும் சிவப்புச் சீட்டுக்காரனும் என் அலமாரியில், தனித்தனித் தட்டில் இருந்தன.

ஆயுத பூசை வந்தது. கருவிகளைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இடுவதில் நான் கடுமையானவன். எண்ணெய்ப் பிசுக்குள்ள ஒரு துண்டுத் தாளும் சந்நிதியில் இருக்கலாகாது என்று முன்தினமே சொல்லிவிட்டு, நகரத்திலிருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டேன். கழுவும் பொறுப்பு ஓர் அம்மாளுடையது. ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் அந்தப் பட்டறையில் அவரைப்போல் திருத்தமாகப் பொட்டு வைக்க யாராலும் முடியாது.

விடுமுறை முடிந்து அலமாரியைத் திறந்தேன். துலக்கிய எவர்சில்வர் தட்டொன்றில் இரண்டு கடையாணிகள் அருகருகே கிடந்தன. சந்தன மணம் வந்தது. சீட்டுகளும் இல்லை, பைகளும் இல்லை.

அந்த அம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீங்கதானுங்க ஐயா சொன்னீங்க, ஒரு தாளு கூட இருக்கப்படாதுன்னு. குப்பையோட சேத்து எரிச்சுபோட்டேன்."

"அலமாரியையுமா?"

"சாமிக்கு முன்னாடி அலமாரி மட்டும் அழுக்கா நிக்கலாமுங்களா? எந்தச் சாமிக்கு எது ஆகாதுன்னு எனக்கென்னுங்க தெரியும். நீங்க சொன்னீங்க, செஞ்சுபோட்டேன்."

அவர் சொன்னதில் பிழையில்லை. வாயிலிருந்து வந்த ஆணை என்னுடையது.

இரண்டையும் அளந்தேன், நிறுத்தேன். மயிரிழையளவும் வேறுபாடில்லை. பின்னர், விரிசல் பார்க்கும் இருட்டறைக்குக் கொண்டுபோனேன். பொருளை ஒளிரும் எண்ணெயில் நனைத்துத் துடைத்து, ஊதா விளக்கின்கீழ் பிடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலில் தங்கிய எண்ணெய் பச்சைக் கோடாக எரியும். வெளியே நண்பகல், உள்ளே என் வெள்ளை வேட்டி மட்டும் ஆளில்லாமல் நிற்பதுபோல் நீலமாக மின்னியது. விளக்கின்கீழ் இரண்டும் கன்னங்கரேலென்று கிடந்தன. ஒரு புள்ளி ஒளி இல்லை. களைப்பு இன்னும் விரிசலாகவில்லை. இரண்டுள் ஒன்று நான் கண்ணாடிக்கு இப்புறம் நின்று பார்த்த அந்த வதையைப் பட்டது. எது என்று சொல்ல அதற்கு வாயில்லை. வெகுநேரம் அங்கேயே இருந்தேன். இரண்டும் என்னைப் பார்ப்பதாகத் தோன்றியபோதுதான் எழுந்து வந்தேன்.

அன்றைக்கே கடிதம் வந்தது: உபரியை அனுப்புங்கள்.

முதலாளி என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ரெண்டையும் கழிச்சுப்போட்டோம்னா என்ன காரணம் எழுதுவீங்க?"

"நடந்ததை எழுதுவேன்."

"பூசை போட்டோமுங்க, அதுல சீட்டைத் தொலைச்சோமுங்கன்னா? நம்மளை அவங்க பட்டியல்ல இருந்தே எடுத்துப்போடுவாங்க. நாளைக்கு ஒருத்தன் நம்மளை நம்பி ஒரு நட்டு போல்ட்டாச்சும் கேப்பானுங்களா? பேசாம ஆத்தா கிட்டப் பூவாக்குக் கேட்டுப்போடலாமுங்க."

பூவாக்கு எங்கள் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. பெண் கொடுக்கவும், கிணறு வெட்டவும், வழக்குத் தொடுக்கவும் கேட்பார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செம்பூ ஒரு பொட்டலம். அம்மன் மடியில் வைத்து, விவரம் அறியாத ஒருவரை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கும் ஒரு வாக்கு வேண்டியிருந்தது.

பட்டறைக்குப் பின்னாலிருந்த மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். இடக்கையில் ஒன்றும் வலக்கையில் ஒன்றுமாகப் பிடித்துக்கொண்டேன். வலக்கையிலிருப்பது பறக்கத் தக்கதா என்று மனத்துக்குள் கேட்டேன். தண்ணீர் ஊற்ற வந்திருந்த ஒரு பெண்மணி பொட்டலத்தை எடுத்துத் தந்தார். பூசாரி பிரித்தார். வெள்ளை.

முதலாளி மூச்சு விட்டார். "தீந்துதுங்க."

எனக்குத் தீரவில்லை. பூசாரியை மறுபடி வைக்கச் சொன்னேன். இப்போது இடக்கையிலிருப்பதைக் கேட்டேன். வெள்ளை.

"ஆத்தா ரெண்டையும் நல்லதுன்னுதானுங்களே சொல்லுது," என்றார் முதலாளி.

"ஒன்று வதைபட்டது. என் கண்முன்னே வதைபட்டது."

பூசாரி என் கைகளைப் பார்த்தார். "மூணாவது தடவை கேக்கறது வழக்கமில்லைங்க. சந்தேகம் அவகிட்ட இல்லைங்க," என்று சொல்லி விளக்குத் திரியைத் தூண்டப் போய்விட்டார்.

கருவறைக்குள் அம்மனின் கண்ணில் பதித்த வெள்ளி மட்டும் தெரிந்தது. இரண்டு கடையாணிகளும் என் உள்ளங்கைச் சூட்டில் ஒரே அளவு சூடாகியிருந்தன. இப்படியொரு விடையை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை. அறியாத ஒன்றின்மேல் என் முத்திரையை இடக்கூடாது என்பது மட்டும் விளங்கியது. பிழை என்னுடையது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, இரண்டையும் கழிப்பதாகக் கடிதம் எழுதினேன். முதலாளி அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்; அனுப்பிவைத்தோம். மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை.

வாடிக்கையாளரிடமிருந்து ஒரு பொறியாளர் வந்தார், பல்லடத்துப் பெண். கோபம் ஒன்றும் காட்டவில்லை. இரண்டையும் அறுத்து, மெருகேற்றி, பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் எது ஆடியது என்று தெரிந்துவிடும் என்றார். பிற்பாடு ஒரு பாடமாக உதவும் என்று வாங்கிப் போனார். பத்து நாள் கழித்து ஒரு பகற்பொழுதில் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"தனியாகத்தான் இருக்கிறேன்."

"ரெண்டும் புதுசுங்க."

எனக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன்.

"ரெண்டுமே ஆடாததுங்க ஐயா. உள்ள ஒரு களைப்பும் இல்லை. நாலு தடவை பாத்துட்டேனுங்க. எத்தனை செஞ்சீங்கன்னு மறுபடி ஒருக்கா சொல்லுங்க."

"ஆறு."

 அவர் பக்கம் ஏதோ எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் மெல்லிய ஒலி கேட்டது. செய்தது ஆறு, வதைபட்டது ஒன்று. என்னிடமிருந்த இரண்டும் வதைபடாதவையென்றால், அது நான் பச்சைச் சீட்டுக் கட்டி அனுப்பிய நான்கினுள் இருக்கிறது. அந்த நான்கும் காலில் பூட்டப்பட்டுவிட்டன. கால்கள் மடக்கப்பட்டு, கலம் முழுவதும் பொன்னிறத் தாள் போர்த்தப்பட்டு, தூசி நுழையாத வெண்ணிற அறையில், புறப்படும் நாளுக்காகக் காத்திருந்தது.

பூசையில் தவறு நடந்ததென்று நினைத்துக்கொண்டிருந்தேன். தவறு அதற்கு முன்பே நடந்து, அமைதியாகப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தது.

போர்வையைக் கழற்றி, நான்கு கால்களையும் திறந்தார்கள். நான்கு கடையாணிகளையும் எடுத்து அறுத்துப் பார்த்ததில், மூன்றாவதில் அந்தக் களைப்பு இருந்தது. அவர்களே புதிதாகச் செய்துகொண்டார்கள், புறப்பாடு தள்ளிப்போயிற்று. அதன் சீட்டைப் பொறியாளர் படமெடுத்து அனுப்பியிருந்தார். பச்சைச் சீட்டு. எழுத்து என்னுடையது. ஒரு சுழிகூடப் பிசகவில்லை.

என்னை அச்சுறுத்தியது அந்த எழுத்தன்று. சோதனை முடிந்து வந்த நாள் எனக்குத் தெளிவாக நினைவிருந்தது. அன்று குருடிமலைப் பக்கமிருந்து மழை இறங்கியது. சன்னலைச் சாத்திவிட்டு வந்து, சிவப்புச் சீட்டை எடுத்து, சோதனையிலிருந்து வந்ததன் பையில் நூலை இருமுறை முடிந்து, அலமாரியின் இடப்பக்கத் தட்டில் வைத்தேன். நூலின் சொரசொரப்புகூட விரலில் இருக்கிறது. அந்த நினைவில் ஓர் இடத்திலும் புகைமூட்டம் இல்லை. இப்போதும் கண்ணை மூடினால் அப்படியேதான் நடக்கிறது. அது நடக்கவில்லை.

முத்திரையை முதலாளியின் மேசைமேல் வைத்தேன். வாடிக்கையாளரின் பட்டியலில் எங்கள் பெயர் இன்னும் இருந்தது. நான் எழுதிய கடிதத்தால்தான் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"உங்க மாதிரி ஆளுக்கு நான் எங்கீங்க போவேன்? அந்த ஒரு நாளு என்னமோ ஆகிப்போச்சு."

"அந்த ஒரு நாள்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் முத்திரையைப் பார்த்தார். எடுக்கவும் இல்லை, திருப்பித் தள்ளவும் இல்லை. "காப்பி குடிச்சுட்டுப் போங்க," என்றார்.

மறுநாள் விடியலில் நீராடி உட்கார்ந்தேன். நான் நாள்தோறும் பாடும் பதிகங்களை ஏட்டைப் பாராமல் பாடுவதே வழக்கம். சிறுவயதில் நெட்டுருச் செய்தவை. அன்று என்னவோ, புத்தகத்தைத் தேடி எடுத்து மடியில் விரித்துவைத்துக்கொண்டேன். முதல் நான்கு பாட்டும் சரியாக இருந்தன. ஐந்தாம் பாட்டின் மூன்றாம் அடியாகப் புத்தகத்தில் இருந்தது நான் பாடியதல்ல. நான் பாடியது வேறெங்கோ உள்ள ஓர் அடி. சந்தம் குலையாமல், எதுகை தப்பாமல், அந்த இடத்துக்கென்றே பிறந்ததுபோல் வந்து அமர்ந்திருந்தது. எத்தனை ஆண்டுகளாக என்று தெரியவில்லை. விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. விரலை வரியின்மேல் வைத்து, ஆறாம் பாட்டை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினேன்.