கேஸ் ஷீட்டின் மூலையில் ஒரு துண்டு பிளாஸ்திரி

போன வாரம் பழைய கல்லூரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். தஞ்சாவூரை ஒட்டி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மருத்துவக் கல்லூரி. நான் காலமெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்த இடம். பொம்மையை வைத்துப் பயிற்சி தரும் கூடம் ஒன்றைத் திறக்கிறார்களாம், குத்துவிளக்கு ஏற்ற ஒரு கிழவன் வேண்டும். போனேன். பொம்மை கட்டிலில் படுத்திருந்தது. மூச்சு விடுகிறது, கண்ணை மூடித் திறக்கிறது, வியர்க்கக்கூடச் செய்யுமாம். அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதன் கையில் ஊசிக்குழாயை நிறுத்துவதற்காக யாரோ புதுச் சுருளிலிருந்து பிளாஸ்திரியைக் கிழித்தார்கள். அந்த வாசனை வந்ததும்தான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வயசாகிவிட்டது என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். உட்கார்ந்துகொண்டேன்.

பிளாஸ்திரி என்றால் எனக்கு வேதவல்லி சிஸ்டர். தீவிர சிகிச்சை வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடற்கரை ஊர், அப்பா படகு வைத்திருந்தார். சிஸ்டருக்குப் பேச்சு குறைவு, பார்வை ஜாஸ்தி. ரவுண்ட்ஸில் நான் முன்னால் போவேன். பின்னால் உதவிப் பேராசிரியர்கள், அவர்களுக்குப் பின்னால் மாணவர்கள், பக்கவாட்டில் கேஸ் ஷீட் அட்டைகளைச் சுமந்துகொண்டு சிஸ்டர். சாமி புறப்பாடு என்று எங்களைக் கேலி செய்வார்கள். அந்தப் புறப்பாட்டில் சிஸ்டர் பேசும் வழக்கம் கிடையாது. யாரும் தடை போட்டதில்லை, அப்படியே வந்துவிட்ட வழக்கம். ஏதாவது சந்தேகம் இருந்தால் அந்தக் கேஸ் ஷீட்டின் மேல்மூலையில் நகத்தளவு பிளாஸ்திரி ஒட்டி என் கையில் கொடுப்பார். நான் அதைப் பார்த்துவிட்டு, ஷீட்டைக் கண்ணால் மேய்ந்து, எனக்கே தோன்றியதுபோல நின்று, "இவர் நேத்திலேர்ந்து எவ்வளவு யூரின் போனார்?" என்று கேட்பேன். உதவிப் பேராசிரியர் சொல்லும் பதிலில் விஷயம் இருக்கும். மாணவர்கள் மூக்கின் மேல் விரலை வைப்பார்கள். "சாருக்கு எப்படித்தான் தெரியுதோ." சாருக்கு ஒன்றும் தெரியாது, பிளாஸ்திரிக்குத்தான் தெரியும்.

இந்த வித்தை எனக்குப் புதிதும் இல்லை. மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு மிராசு இருந்தபோது, வயலில் வேலை பார்த்தவர்கள் அப்பாவிடம் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். அப்பா வரப்பில் நிற்கும்போது மாட்டிடம் சொல்வார்கள். "ஏண்டா, மேலமடை அடைச்சுக் கெடக்கு, நாத்து காயுது, ஒனக்குக் கண்ணு தெரியலயா?" மாடு என்ன செய்யும்? அப்பா காதில் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து, தானே கண்டுபிடித்ததுபோல "மேலமடையப் போய்ப் பாருங்கடா" என்பார். நிலத்தை விற்று, படித்து, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்ட பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் என்னோடு வார்டுக்குள் வந்துவிட்டது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷம் இன்ஸ்பெக்‌ஷன். அங்கீகாரம் தருவதற்கு முன் வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்து பார்ப்பார்கள். மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். சுவருக்குச் சுண்ணாம்பு, ஜன்னலுக்குப் புதுத் திரை, கல்யாண வீடு தோற்றது. முந்தின நாள் வார்டைச் சுற்றிவந்த நான் கேஸ் ஷீட்டுகளின் மூலையில் அழுக்குப் பிடித்த பிளாஸ்திரித் துண்டுகளைப் பார்த்தேன். "இதெல்லாம் எடுத்துடுங்க சிஸ்டர். வர்றவங்க கேட்டா என்னன்னு சொல்றது?" என்றேன். "சரிங்க சார்" என்றார். ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தார்.

மூன்றாம் கட்டிலில் கலியமூர்த்தி என்று ஒருவர் படுத்திருந்தார். மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமம், முப்பது வயசுதான் இருக்கும். சம்பாவுக்குப் பூச்சி மருந்து அடிக்கப் போன இடத்தில், முதுகில் மாட்டிய ஸ்பிரேயர் ஒழுகியிருக்கிறது. நனைந்த சட்டையோடு மிச்ச வயலையும் அடித்து முடித்திருக்கிறார். வாயில் நுரை தள்ளி, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கித்தான் வந்தார். இரண்டு நாளில் தேறினார். மூன்றாம் நாள் இன்ஸ்பெக்‌ஷன். வெளியூர்ப் பேராசிரியர்கள் இருவர் பக்கத்தில் நிற்க, நான் டார்ச் அடித்துக் கண்பாவையைக் காட்டி, மாற்று மருந்து எப்படி வேலை செய்திருக்கிறது என்று இங்கிலீஷில் வெளுத்துக்கட்டினேன். இவரை இன்றைக்கே பொது வார்டுக்கு மாற்றிவிடலாம் என்றும் சொன்னேன். வேதவல்லி சிஸ்டர் கேஸ் ஷீட்டை நீட்டினார். மூலை சுத்தமாக இருந்தது. ஆனால் அட்டையை விடவில்லை. பிடித்துக்கொண்டே, மெதுவாக, "சார், காலையில தண்ணி குடுக்கறப்ப அவரால தலையத் தூக்க முடியல சார்" என்றார்.

பதினோரு வருஷத்தில் ரவுண்ட்ஸில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. வந்தவர்களில் ஒருவர் லேசாகச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "அப்புறம் சிஸ்டர்" என்று சொல்லி அட்டையை இழுத்து வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

இந்த விஷத்தில், ஆள் தேறிவிட்டார் என்று நாம் நிமிரும் நேரத்தில்தான் கழுத்து சோரும். தலையைத் தூக்க முடியாது. அதற்கடுத்து மூச்சுக்கான தசைகள் சோரும். எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிற விஷயம், அந்த மாதம் நானே வகுப்பில் நடத்தியிருந்தேன். மத்தியானம் விருந்தாளிகளோடு இலையில் உட்கார்ந்து இரண்டாம் தடவை ரசம் விட்டுக்கொண்டிருந்தபோது ஓடிவந்து சொன்னார்கள். பொது வார்டில் கலியமூர்த்திக்கு மூச்சு நின்று எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு முன்பே ஓடிவந்திருந்த வேதவல்லி சிஸ்டர், அவர் முகத்தில் காற்றுப் பையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அழுத்தினார். கலியமூர்த்தியின் மனைவியிடம் "விஷம் கடுமைம்மா" என்றேன். அவர் என்னைக் கும்பிட்டார். இப்போதும் ரசத்துக்குக் கை நீட்டும்போது சில நாள் அந்தக் கும்பிடு ஞாபகம் வந்துவிடும், அன்றைக்குச் சாப்பாடு அவ்வளவுதான்.

அடுத்த வாரம் விசாரணைக் கூட்டம். ரவுண்ட்ஸில் இருந்தவர்களில் என்னையும் சிஸ்டரையும் மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். முதல்வர் கேட்டார், "சிஸ்டர், தலை தூக்க முடியாதத நீங்க கவனிச்சீங்களா? சார்கிட்ட சொன்னீங்களா?"

வேதவல்லி சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு, "கவனிச்சேன் சார். சொல்லல" என்றார்.

நான் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் ஒரு நீலப் பூ. ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, சிஸ்டர் சொன்ன அந்தச் 'சொல்லல'யும் பிளாஸ்திரிதான். 'இல்லை, சொன்னார்' என்பதை நானாகவே சொல்லட்டும் என்று எனக்கு இடம் விட்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு மெமோ கொடுத்தார்கள். கோடியக்கரைப் பக்கம் நிர்வாகத்துக்கு இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

அதற்கப்புறம்தான் நான் பெரிய ஆளானேன். டாக்டருக்குப் படிப்பவர்களும் நர்ஸிங், பிசியோதெரபி, பார்மஸி படிப்பவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே நோயாளியைப் பற்றிப் பேசும் வகுப்பு ஒன்றைத் தொடங்கினேன். முதல் நாள் டாக்டர் பிள்ளைகள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள், நர்ஸிங் பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். உட்காரவைக்க அரை மணி ஆயிற்று. பார்மஸிப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், உங்க கையெழுத்து எங்க யாருக்குமே புரியாது சார். குத்துமதிப்பாத்தான் மருந்து குடுக்கறோம்" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் ஆடிப்போனேன்.

எடுத்துக்காட்டு ஒன்று சொல்ல வேண்டுமே. கலியமூர்த்தி கதையைத்தான் சொன்னேன். உள்ளபடியே சொல்வதாகத்தான் நினைத்து எழுந்தேன். முன்வரிசையில் முதல்வர் உட்கார்ந்திருந்தார். "சிஸ்டர் பார்த்தாங்க, ஆனா சொல்லல" என்று நாக்கு புரண்டுவிட்டது. அடுத்த வருஷம் அது சுலபமாக வந்தது. அதற்கடுத்த வருஷங்களில் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தவும் கற்றுக்கொண்டேன், பிள்ளைகள் கண்ணைத் துடைப்பார்கள். வெளியூர்களில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். பொன்னாடைகள் பீரோ நிறைய இருக்கின்றன, மனைவி தலையணை உறை தைத்துப் பார்த்தாள், குத்துகிறது என்று விட்டுவிட்டாள்.

ஒரு தடவை பறவை பார்க்கிற சாக்கில் கோடியக்கரைக்குப் போனேன். சிஸ்டரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று உங்களிடம் சொல்வதில் என்ன இருக்கிறது. டீ வாங்கிவரச் சொன்னார். குடும்பம், உடம்பு எல்லாம் விசாரித்தார். பிறகு அவரே எடுத்தார்.

"கிளாஸ் எடுக்கறீங்களாமே சார். எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு அங்கதான் படிச்சுது. என் கதையச் சொல்லித்தான் ஆரம்பிக்கறீங்கன்னு சொல்லுச்சு."

"சிஸ்டர், அது..." என்றேன்.

"பிள்ளைங்க பேசக் கத்துக்கிட்டா சரிதான் சார்" என்றார். "டீ ஆறுது பாருங்க."

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். உப்பளங்களைத் தாண்டும்வரை தலையை நிமிர்த்தவில்லை. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறதாம், அதுவும் யாரோ போனில் வேறு ஏதோ பேசும்போது சொல்லித்தான் தெரியும்.

போன வாரக் கூடத்துக்கு வருகிறேன். விளக்கேற்றியதும் மாணவர்கள் நடித்துக் காட்டினார்கள். நோயாளி பொம்மை, பேராசிரியராக ஒரு பையன், சிஸ்டராக ஒரு நர்ஸிங் மாணவி. அவள் கையில் அச்சடித்த அட்டை ஒன்று: செவிலியர் கவனிக்கிறார், ஆனால் சொல்லவில்லை. என் கதைதான். பேராசிரியர் டார்ச் அடித்தார், அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். அவள்தான் எழுந்தாள்.

"சார், அந்த சிஸ்டர் ஏன் சார் சொல்லல? எனக்கு நடிக்கறப்பவே வாய் வரைக்கும் வந்துடுச்சு."

"சொன்னாங்கம்மா" என்றேன். "நான்தான் கேக்கல. அப்புறம் விசாரணையில அவங்க சொல்லலன்னு சொன்னப்ப, நான் சும்மா இருந்துட்டேன்."

சிஸ்டர் மாற்றலாகிப் போன பிறகு என்னிடம் படித்து, இப்போது துறைத்தலைவராக இருக்கிற மாணவர் எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "பாருங்க, பழியத் தன் மேல போட்டுக்கறாங்க. இந்தப் பெருந்தன்மைதான் எங்க சார்" என்றார். கைதட்டினார்கள். உண்மையைச் சொன்னால் கைதட்டுவார்கள் என்று நான் நினைத்ததில்லை. எனக்குப் பொன்னாடை ஒன்று போர்த்தினார்கள்.

அந்தப் பெண் மட்டும் கைதட்டவில்லை. டீ வந்த பிறகு பக்கத்தில் வந்து, அட்டையில் 'சொல்லவில்லை' என்ற வார்த்தையைப் பேனாவால் அடித்துக்கொண்டே, "அவங்க பேரு என்ன சார்?" என்றாள்.

"வேதவல்லி."

எழுதிக்கொண்டாள். "இனிஷியல்?"

பதினோரு வருஷம் என் பக்கத்தில் நடந்தவர். தெரியவில்லை. அந்த வார்டை இடித்துவிட்டு ஸ்கேன் சென்டர் கட்டியிருக்கிறார்கள். கேஸ் ஷீட்டெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது, பழைய டியூட்டி ரிஜிஸ்டர்களை எடைக்குப் போட்டுவிட்டார்களாம். கேட்டுச் சொல்வதற்கு ஆள் இருக்கிறார்களா என்று கூடம் முழுக்கப் பார்த்தேன். அவரைத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான் இருந்தேன்.