விளக்கடியில் பூக்காத செடி

சாயங்காலமானால் நம் ஊரில் வாசல் தெளித்து விளக்கேற்றுவோம். இங்கே கடல்தாண்டி, கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், நான் இரண்டு மாதமாகச் செய்த வேலை வேறு. ஐந்தரை மணிக்கு ஒரு பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் விறகறை இருட்டில் வைத்துக் கதவைச் சாத்துவேன். காலை ஏழரைக்குத்தான் அதற்கு விடுதலை. சாத்தூரில் சொன்னால் எனக்கு மந்திரிக்க ஆள் தேடுவார்கள்.

கிறிஸ்மஸ் கேக்டஸ் என்கிறார்கள். முள்ளில்லாத கள்ளி. தட்டைத் தண்டு கணுக்கணுவாகத் தொங்கும். வருடக் கடைசிக் குளிரில் நுனியெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூக்கும். என் கணவரின் முதல் மனைவி வளர்த்தது. அவர் இறந்த பிறகும் விறகறையில் கேட்பாரற்றுக் கிடந்து பூத்ததாம். நான் இரண்டாம் தாரமாக வந்து சேர்ந்தபோது, "கள்ளிய வீட்டுக்குள்ள வைக்காதடி" என்று அம்மா போனில் எச்சரித்தாள். எனக்கு மனம் கேட்கவில்லை. கூடத்தில் மூத்த தாரமான அவர் படத்துக்குக் கீழேயே வைத்தேன். அங்கே ஒரு சிவப்பு பல்பு இரவு பகலாக எரியும். அதைவிட மரியாதையான இடம் ஏது?

இரண்டு டிசம்பர் போயிற்று. ஒரு மொட்டு இல்லை. கணவர் லோரி ஓட்டுபவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். செடியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், சாப்பிட உட்காருவார். பக்கத்து வீட்டு கமலாக்காதான் சொன்னார்: "அவ இருந்தப்ப வருஷம் தவறாம பூக்கும் லா. நீ வந்தப்புறம்தான் இப்படி." வந்த வீட்டில் செடிகூட என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அழுதேன். அதன்பின் கமலாக்காவோடு பேசவில்லை. இந்தத் தோட்டத்தில் எனக்கிருந்த ஒரே பேச்சுத்துணை அவர்.

பல மாதம் கழித்து, துணி காயப்போடும் இடத்தில் கேட்டேவிட்டேன். "என் கை ராசியில்லன்னுதானேக்கா சொன்னீங்க?"

"ஐயோ, ராசியா? நீ வந்து எடத்த மாத்திட்டன்னு சொன்னேன் லா. அதுக்கு ராத்திரி பூரா நல்ல இருட்டு வேணும். அந்த லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்தா எப்படி மொட்டு விடும்?"

நான் கொடுத்த மரியாதைதான் அதைக் கெடுத்திருக்கிறது. பல்பை அணைக்கலாமே என்பீர்கள். அதை அணைக்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. அதனால் தொட்டியைச் சுமந்தேன்.

போன வாரம் பூத்தது. கணவர் பூட்ஸைக் கழற்றாமலே நின்று பார்த்தார். "பூத்துருச்சு" என்றார். பிறகு இரண்டு கையாலும் தூக்கிப் படத்துக்குக் கீழே வைத்தார். "அவளுக்கு ரொம்பப் புடிக்கும்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வலித்தது.

வீடியோவில் அம்மா, "யாரு வீட்டுப் பூடி, இம்புட்டு அழகா?" என்றாள். "நம்ம வீட்டுப் பூதாம்மா" என்றேன், கணவர் காதில் விழட்டும் என்று. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

பூத்த செடிக்கு இனி இருட்டு வேண்டாம். ஆனாலும் சாயங்காலம் ஐந்தரை ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுகிறேன். கூடத்தில் மூத்தவரின் விளக்கு எரிகிறது. சாத்தூரில் இப்போதுதான் பகல் மணி மூன்று; அம்மா மத்தியானத் தூக்கத்தில் இருப்பாள். தூக்கிப்போக எதுவும் இல்லாமல், விறகறைக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் நிற்கிறேன்.